ரெண்டு பாம்புக்கு எத்தனை எலி?

வாசகர் கடிதம்: டாக்டர், கோவை சரவணம்பட்டியில் இருக்கிறேன். என்னிடம் பால் பைத்தான் (Ball Python) என்கிற மலைப்பாம்பு ஒன்று இருக்கிறது (3 வயது, 900 கிராம்), கார்ன் ஸ்னேக் என்கிற விஷமில்லாத பாம்பு ஒன்று இருக்கிறது (8 மாதம், 60 கிராம்). வெளியூரிலிருந்து ஃப்ரோசன் எலி வரவழைத்துத்தான் போட்டுவந்தேன். போன மாதம் பார்சல் தாமதமாகி, பெட்டியைத் திறந்தால் எல்லாம் உருகி நாறிக் கிடந்தது, மூன்று மாதத் தீனி வீண். மொட்டை மாடியில் ஒரு ஆஸ்பெஸ்டாஸ் ரூம் சும்மா கிடக்கிறது. அங்கே பைத்தானுக்கு வெள்ளை எலியும் கார்ன் ஸ்னேக்குக்குச் சுண்டெலியும் நானே வளர்க்கலாம் என்று இருக்கிறேன். எத்தனை ஆண், எத்தனை பெண் வாங்கவேண்டும்? என்ன தீனி? எப்படிக் கொல்வது? ஃபார்மசி காலேஜில் வேலை செய்யும் நண்பன் லேபில் மிஞ்சுகிற எலிகளைத் தருகிறேன் என்கிறான், வாங்கலாமா? அம்மா, ‘பிள்ளையார் வாகனத்தை வளர்த்துப் பாம்புக்குப் போடுவியா’ என்று சண்டை. சீக்கிரம் பதில் சொல்லுங்கள், அடுத்த மாதம் அக்கா தலைப்பிரசவத்துக்கு வருகிறாள், அதற்குள் ரூமை ரெடி பண்ணவேண்டும்.

பதில்:

தம்பி, நீங்கள் கடைசி வரியாக எழுதியிருப்பதுதான் எனக்கு முதல் வரி. நிறைமாதத்தில் அக்கா வருகிறார், அப்புறம் பச்சைக்குழந்தையோடு குறைந்தது மூன்று மாதம் அதே வீட்டில் இருக்கப்போகிறார். அந்த நேரத்தில் புதிதாக எலி வளர்ப்பு ஆரம்பிக்காதீர்கள், அதிலும் சுண்டெலி வேண்டவே வேண்டாம். எல்.சி.எம். என்று ஒரு வைரஸ் இருக்கிறது. அதைச் சுமப்பது முக்கியமாகச் சுண்டெலிதான், மூத்திரத்திலும் புழுக்கையிலும் வெளியே வரும், காய்ந்த தூசியாகவும் மூச்சில் ஏறும். நமக்கு வந்தால் ஒரு சளிக்காய்ச்சல் மாதிரி வந்துபோய்விடலாம், கர்ப்பிணிக்கு வந்தால் கரு கலையலாம், குழந்தையின் மூளையையும் கண்ணையும் தாக்கலாம். கடையில் வாங்கும் வெள்ளைச் சுண்டெலி சுத்தமாகவே இருந்தாலும், தீனி வாசனைக்கு ராத்திரி வீட்டுச் சுண்டெலி அந்த ரூமுக்கு வரும், கம்பி வலைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மூத்திரம் போகும். அக்கா மாடி ஏறமாட்டார், சரி. நீங்கள் அதே சட்டையோடு இறங்கிவந்து சாப்பிட உட்காருவீர்கள் இல்லையா?

ஆக, இப்போதைக்குத் தள்ளிப்போடுங்கள். தள்ளிப்போட்ட பிறகும் வளர்க்கத்தான் வேண்டுமா என்பதற்கு ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம், ஏனென்றால் என்னிடம் வருகிற பெரும்பாலானவர்கள் இந்தக் கணக்கைப் போடாமலே நான்கு டப் எலி வாங்கிவிட்டு, ஆறு மாதம் கழித்து ‘மேடம், நாற்பது எலி இருக்கு, என்ன பண்றது’ என்று போன் செய்கிறார்கள்.

உங்கள் பைத்தானுக்கு 60, 70 கிராமில் ஒரு எலி, இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை. வருஷத்துக்கு 26. கார்ன் ஸ்னேக் இன்னும் குட்டி, வாரம் ஒன்று, அதாவது 52. மொத்தம் 78. இதற்குச் சுண்டெலி தேவையே இல்லை என்பதைக் கவனியுங்கள். வெள்ளை எலியின் குஞ்சு பிறக்கும்போதே ஐந்தாறு கிராம் இருக்கும், மூன்று நான்கு நாளில் எட்டு கிராமைத் தொடும், உங்கள் கார்ன் ஸ்னேக்குக்கு அது சரியான அளவு. ரோமம் முளைக்காத இந்தக் குஞ்சைத்தான் பாம்பு வளர்ப்பவர்கள் பிங்கி என்கிறார்கள். அதே பிரசவத்தில் பிறந்த மற்ற குட்டிகள் நான்கு வாரத்தில் 70 கிராம் பக்கம் வந்துவிடும், அவை பைத்தானுக்கு. ஒரே இனத்தை வைத்து இரண்டு பாம்பையும் பார்த்துக்கொள்ளலாம்.

பெண் எலிக்குக் கர்ப்பம் 21 முதல் 23 நாள். ஒரு ஈற்றுக்கு எட்டு முதல் பன்னிரண்டு குட்டி. தாய்க்கு ஓய்வு கொடுத்து வருஷத்துக்கு நாலு ஈற்று என்று வைத்தாலே, இரண்டு பெண்ணுக்கு எட்டு ஈற்று, ஏறக்குறைய 80 குட்டி. ஆக ஓர் ஆண், இரண்டு பெண். அவ்வளவுதான் உங்கள் தேவை. அதுவும் அதிகம்தான், ஏனென்றால் பால் பைத்தான் வருஷத்தில் இரண்டு மூன்று மாதம் சும்மா வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்துவிடும், கார்ன் ஸ்னேக் வளர வளர வாரம் ஒன்று பத்து நாளுக்கு ஒன்றாகும், பிறகு இரண்டு வாரத்துக்கு ஒன்றாகும். பாம்பு நோன்பு இருக்கும், எலி இருக்காது.

இந்த மூன்று எலிக்காக வாரம் இரண்டு தடவை டப் சுத்தம், தினமும் தண்ணீர், தீனி, நாற்றம், ஊருக்குப் போனால் பார்த்துக்கொள்ள ஓர் ஆள், இரண்டு மாதத்துக்கு மூன்று தடவையாவது கொல்லும் வேலை. இன்னொரு பக்கம் வருஷத்துக்கு நாலு பார்சலும் ஒரு சின்ன ஃப்ரீசரும். பார்சல் உருகிப்போனது பெட்டியின் தப்பு, கனமான தெர்மோகோல் பெட்டி, உள்ளே உலர்பனிக்கட்டி, ராத்திரி கிளம்பிக் காலையில் சேர்கிற வண்டி, இந்த மூன்றையும் விற்பவரிடம் முன்கூட்டியே பேசி வைத்தால் தீர்கிற விஷயம். கோவையில் பாம்பு வைத்திருக்கும் இன்னும் நான்கு பேர் சேர்ந்து ஒரே பெட்டியாக வரவழைத்தால் நிறைந்த பெட்டி சீக்கிரம் உருகவும் செய்யாது. பால் திரிந்துபோச்சு என்று மாடு வாங்கக் கிளம்பியவர் கதையாக இருக்கிறது உங்களுடையது. நானாக இருந்தால் ஃப்ரீசர்தான் வாங்குவேன். ஆறேழு பாம்பு இருக்கிறது என்றால் என் பதில் வேறு.

சரி, இவ்வளவு சொன்னபிறகும் நீங்கள் ஆரம்பிப்பீர்கள் என்று தெரியும். குழந்தைக்குப் பேர் வைத்து அக்கா புகுந்த வீட்டுக்குக் கிளம்பிய பிறகு என்றே வைத்துக்கொண்டு மற்றதைச் சொல்கிறேன்.

அந்த ஆஸ்பெஸ்டாஸ் ரூமை மறந்துவிடுங்கள். எலிக்கு வியர்க்காது, உடம்புச் சூட்டை முக்கியமாக வால் வழியாகத்தான் கழிக்கும். 20 முதல் 26 டிகிரி அதற்குச் சுகம், 30-ஐத் தாண்டினால் ஆணின் வீரியம் குறையும், அதற்கும் மேல் போனால் வயிற்றில் குட்டியோடு இருக்கிற பெண்தான் முதலில் சாகும். கோவை சென்னையில்லைதான், ஆனாலும் ஏப்ரல் மாதம் மத்தியானம் இரண்டு மணிக்கு அந்தக் கூரைக்குக் கீழே நீங்களே பத்து நிமிஷம் நின்று பாருங்கள். கீழ்த்தளத்தில் காற்று வரும் ஸ்டோர் ரூம், வடக்குப் பார்த்த தாழ்வாரம், இப்படி ஏதாவது கிடைத்தால்தான் இந்த வேலை. சமையலறையோடு சுவர் பகிர்கிற இடமாக இருக்கக்கூடாது.

அப்புறம் எறும்பு. இதை வெளிநாட்டு வீடியோக்களில் யாரும் சொல்லமாட்டார்கள். பிறந்த அன்றைக்குக் கண் திறக்காத, தோல் மட்டும் இருக்கிற குஞ்சுகளைச் சிவப்பெறும்பு ஒரே ராத்திரியில் முடித்துவிடும், காலையில் தாய் கூட்டின் மூலையில் ஒடுங்கி உட்கார்ந்திருக்கும். பாட்டி வீட்டில் பலகார அலமாரியின் காலுக்குக் கீழே தண்ணீர்க் கிண்ணம் வைத்திருப்பார்களே, அதையேதான் டப் அடுக்குகிற ராக்கின் நான்கு காலுக்கும் வையுங்கள். எறும்பு மருந்தையோ சாக்பீஸையோ பக்கத்தில் கொண்டுவராதீர்கள், அது எலி வழியாகப் பாம்புக்குப் போகும்.

டப் என்றால் தரை 60க்கு 45 சென்டிமீட்டராவது இருக்கட்டும், மேலே கம்பி வலை மூடி, பக்கத்தில் நிப்பிள் பாட்டில். விளிம்பு தட்டுப்படுகிற பிளாஸ்டிக்கை எலி ஒரே வாரத்தில் அரித்துவிடும், அதனால் உள்பக்கம் வழவழவென்று இருக்கிற டப்பாகப் பாருங்கள். தரைக்கு மரக்கடைத் தூள் வேண்டாம், என்ன மரம் என்றே தெரியாது, பிசின் வாசனை அடிக்கிற மரம் என்றால் எலியின் நுரையீரலும் ஈரலும் கெடும். சலித்துத் தூசி எடுத்த நெல் உமி நல்லது, நம் ஊர் ஆய்வுக்கூடங்களிலேயே அதைத்தான் போடுகிறார்கள். கூடு கட்ட அச்சில்லாத காகிதத்தை நீளநீளமாகக் கிழித்துப் போடுங்கள். மூக்கை டப்புக்குள் விட்டுப் பாருங்கள், கண் எரிந்தால் அங்கேயே வாழ்கிற எலிக்கு எப்படி இருக்கும்? அந்த அமோனியாதான் மைக்கோபிளாஸ்மா என்ற மூச்சுநோய்க்குக் கதவைத் திறந்துவிடுவது. தும்மல், மூச்சில் கரகரப்பு, கண்ணோரம் சிவப்பாக ஒழுகுவது, இவை வந்தால் கவனியுங்கள். அந்தச் சிவப்பு ரத்தமில்லை, கண்ணுக்குப் பின்னால் இருக்கிற சுரப்பியிலிருந்து வருகிற நிறம், எலி கஷ்டத்தில் இருக்கிறது என்று அர்த்தம்.

தீனிக்கு லேப் பெல்லட், அதாவது ஆய்வுக்கூட எலிக்கென்றே செய்கிற தீவனக் கட்டி, கிடைத்தால் அதுதான் சிறந்தது, புரதம் 18 சதவீதத்துக்குக் குறையக்கூடாது. கிடைக்காத வாரத்தில் கோதுமை ரவை, கேழ்வரகு, உடைத்த மக்காச்சோளம், முளைகட்டிய பச்சைப்பயறு, கொஞ்சம் முருங்கைக்கீரை. பால் கொடுக்கிற தாய்க்கு இரண்டு நாளுக்கு ஒரு தரம் வேகவைத்த முட்டையில் பாதி. பிராய்லர் தீவனம் மலிவாகக் கிடைக்கிறதே என்று பல்லடம் பக்கம் போய்விடாதீர்கள், அதில் கோழிக்கான ரத்தக்கழிச்சல் மருந்து கலந்திருக்கலாம். கடலைப் புண்ணாக்கும் வேண்டாம், அதில் பிடிக்கிற பூஞ்சையின் நஞ்சு எலியின் ஈரலைத் தின்றுவிடும்.

பெண்ணுக்கு நாலைந்து நாளுக்கு ஒரு தடவை சூடு, அதாவது இணைசேரும் பருவம், வரும். அதனால் ஆணைப் பத்துப் பதினைந்து நாள் கூட விட்டாலே போதும், வயிறு பேரிக்காய் மாதிரி இறங்கியதும் ஆணை வெளியே எடுத்துவிடுங்கள். இங்கேதான் எல்லோரும் சறுக்குகிறார்கள். பிரசவமான 24 மணி நேரத்துக்குள் பெண் எலிக்கு மறுபடியும் சூடு வரும், ஆண் உள்ளே இருந்தால் பால் கொடுத்துக்கொண்டே அடுத்த கர்ப்பத்தைச் சுமக்கும். மூன்றாவது ஈற்றில் தாய் எலும்பும் தோலுமாக இருக்கும், குட்டி சின்னதாகப் பிறக்கும். ஆண் தனியே கிடந்தால் வாடும், துணைக்கு வளர்ந்த ஆண் குட்டி ஒன்றை அதோடு விட்டுவையுங்கள். குட்டிகளை நான்கு வாரம் முடிந்ததும் ஆண் வேறு பெண் வேறாகப் பிரிக்கவேண்டும், ஐந்தாவது வாரத்தைத் தாண்டவிட்டால் அண்ணன் தங்கை என்று பார்க்காது. தாய் எலிக்கு மூன்று மூன்றரை மாதத்தில் முதல் ஈற்று, ஒன்றேகால் வயதில் ஓய்வு.

பிரசவமான மூன்று நாள் கூட்டைக் கலைக்காதீர்கள், பயந்தால் தாயே குட்டியைத் தின்னும். பார்த்தே ஆகவேண்டும் என்றால் தாயைத் தீனி காட்டி ஓர் ஓரத்துக்கு இழுத்துவிட்டு, அந்த டப்பின் உமியிலேயே கையைத் தேய்த்துக்கொண்டு, ஒரு குஞ்சைப் புரட்டிப் பாருங்கள். பால் குடித்திருந்தால் வயிற்றின் இடது பக்கம் தோலுக்கு அடியில் வெள்ளையாக ஒரு பட்டை தெரியும், இரைப்பையில் இருக்கிற பால்தான் அது. பட்டை இல்லாத குஞ்சு நாளைக்கு இருக்காது. கூட்டை விட்டு வெளியே விழுந்து குளிரில் கிடக்கிற குஞ்சு சத்தமே போடவில்லை என்று நினைப்பீர்கள், அது கத்திக்கொண்டுதான் இருக்கும், 40 கிலோஹெர்ட்ஸ் பக்கத்தில். நம் காது 20-க்கு மேல் எடுக்காது, தாய்க்குக் கேட்கும்.

இனி கொல்வது. நீங்கள் ஒரு வார்த்தையில் கேட்டுவிட்டீர்கள், எனக்கு இதுதான் இந்தக் கடிதத்திலேயே கனமான கேள்வி. ஃப்ரீசரில் உயிரோடு வைப்பது, தண்ணீரில் அமுக்குவது, பைக் புகை, வினிகரில் சோடா உப்பைக் கொட்டி வாயு எழுப்புவது, தூக்க மாத்திரை, இவை எதுவும் கூடாது. முதல் மூன்றும் கொடுமை, நாலாவதில் வாயு எவ்வளவு வருகிறது என்று யாருக்கும் தெரியாது, கடைசியில் மாத்திரை பாம்பின் வயிற்றுக்குப் போகும். வளர்ந்த எலிக்குச் சிலிண்டர், ரெகுலேட்டர், அளவுமானி வைத்துக் கார்பன் டை ஆக்ஸைடை மெல்ல ஏற்றும் முறை இருக்கிறது, மயங்கி, பிறகு சாகும். ஆனால் பத்து நாளுக்கு உட்பட்ட குஞ்சுக்கு அது சரிப்படாது, வயிற்றுக்குள் குறைந்த ஆக்சிஜனில் இருந்து பழகிய உடம்பு, நிமிஷக்கணக்கில் தாக்குப்பிடிக்கும், செத்துவிட்டது என்று எடுத்து வைப்பீர்கள், ஃப்ரீசருக்குள் மூச்சு விடும். அதற்குக் கைமுறைதான், அதை நான் எழுத்தில் சொல்லித்தரமாட்டேன். ஊர்ப்பக்கம் ஊர்வன பார்க்கிற கால்நடை மருத்துவர் ஒருவரிடம் ஒரு காலை நேரம் செலவழித்துப் பக்கத்தில் நின்று கற்றுக்கொள்ளுங்கள். கற்றுக்கொண்டு வரும்போது உங்கள் கை நடுங்கினால் இந்த வேலை உங்களுக்கு வேண்டாம், அதில் ஒரு அவமானமும் இல்லை.

‘கொல்லாமல் உயிரோடவே போட்டால்?’ என்று அடுத்த கடிதம் வரும். இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு திங்கட்கிழமை காலை தலையணை உறையில் சுற்றி ஒரு பால் பைத்தானைக் கொண்டுவந்தார்கள். சனிக்கிழமை உயிர் எலியை உள்ளே விட்டுவிட்டுக் கல்யாணத்துக்குப் போயிருக்கிறார்கள். பாம்புக்குப் பசியில்லை, எலிக்குப் பசி. உறையைப் பிரித்தபோது முதுகு ஒரு சாண் நீளத்துக்குத் தோல் இல்லை, முதுகெலும்பின் முள் வெள்ளையாக வரிசையாகத் தெரிந்தது. பாம்பு திருப்பிக் கடிக்கவேகூட இல்லை, சுருண்டு கிடந்திருக்கிறது. ஐந்து மாதம் கட்டு மாற்றினோம், பிழைத்தது, அந்த இடத்தில் இன்றைக்கும் செதில் கோணல்மாணல்தான். ஃப்ரோசன் பழகிய பாம்பை உயிர் எலிக்கு மாற்றுகிற பாவத்தை மட்டும் செய்யாதீர்கள்.

நண்பன் தருகிற லேப் எலி வேண்டவே வேண்டாம். அதன் உடம்பில் என்ன மருந்தைச் சோதித்தார்கள், எந்த மயக்க மருந்தில் கொன்றார்கள் என்று உங்களுக்குத் தெரியாது. பார்பிட்யூரேட் என்கிற மயக்க மருந்து போட்டுக் கொன்ற எலியைத் தின்றால் பாம்பும் போகும். அது கல்லூரி முறைப்படி அப்புறப்படுத்தவேண்டிய கழிவு, நண்பன் வேலைக்கும் ஆபத்து. வயலில் பிடித்த எலி, வீட்டுப் பொறியில் மாட்டிய எலி, இவற்றுக்கும் அதே பதில். பக்கத்து வீட்டில் வைத்த எலி மருந்தைத் தின்றுவிட்டு வந்திருக்கும், ரத்தம் உறையவிடாத அந்த மருந்து எலியின் ஈரலிலேயே தங்கிப் பாம்புக்குப் போகும். அதைத் தொடுகிற உங்களுக்கு லெப்டோ என்கிற எலிக்காய்ச்சல் வேறு.

ஃப்ரீசர் தனியாக வையுங்கள், அம்மாவின் மாவு டப்பாவுக்குப் பக்கத்தில் இல்லை. அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் பாம்புக்கு வாங்கிய ஃப்ரோசன் எலியிலிருந்து சால்மோனெல்லா குழந்தைகளுக்குப் பரவிய சம்பவங்கள் உண்டு, உறைந்தால் அந்தக் கிருமி சாகாது. ஜிப் கவரில் தட்டையாக, தேதியும் எடையும் எழுதி, ஆறு மாதத்துக்குள் தீர்க்கவேண்டும். முந்தின ராத்திரி உருகவைத்து, போடும்போது கவரோடு 40 டிகிரி வெந்நீரில் சூடாக்கி, இடுக்கியில் பிடித்துக் காட்டுங்கள். மைக்ரோவேவ் வேண்டாம், வயிறு வெடிக்கும், அம்மாவும் வெடிப்பார். பாம்பையோ எலியையோ தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் குழந்தையைத் தூக்காதீர்கள், இது அக்கா இருக்கிற மூன்று மாதமும் பாம்புக்கூண்டுக்கும் சேர்த்துத்தான்.

கேட்காமலே ஒன்று. பால் பைத்தான் சைட்டிஸ் என்கிற காட்டுயிர் வணிகத்துக்கான சர்வதேச ஒப்பந்தத்தின் பட்டியலில் இருக்கிற இனம், 2024-இல் வந்த விதிகளின்படி மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்திருக்கவேண்டும். செய்யவில்லை என்றால் எலியைப் பற்றி யோசிக்கும் முன் அதை முடியுங்கள்.

அம்மாவைப் பொறுத்தவரை, நான் அவர் பக்கம்தான், காரணம் மட்டும் வேறு. மூஷிகம் என்று அவர் சொல்கிறார், மூத்திரம் என்று நான் சொல்கிறேன்.

இப்போது கையில் எலி இல்லையே, பாம்பு பட்டினி கிடக்குமே என்று பதறவேண்டாம். 900 கிராம் பைத்தான் அடுத்த பார்சல் வர ஒரு மாதம் ஆனாலும் தாங்கும், வாரம் ஒரு தடவை எடை பாருங்கள், 800-க்குக் கீழே இறங்கினால் கூட்டிவாருங்கள். கார்ன் ஸ்னேக் குட்டி அவ்வளவு தாங்காது, பத்து நாளுக்கு மேல் விடாதீர்கள். உள்ளூரில் பாம்பு வைத்திருக்கும் யாரிடமாவது நாலைந்து பிங்கி கடன் கேளுங்கள், பார்சல் வந்ததும் திருப்பிக் கொடுத்துவிடலாம்.